சேவல்களைக் கூடையால் மூடிய ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு சேவல்கூடக் கூவவில்லை. கூவ விடவில்லை என்பதுதான் சரி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் வரிசையாகப் பழைய தேயிலைக் கொழுந்துக் கூடைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கூடைக்குள்ளும் ஒரு சேவல். கூடைக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் ஒரு கல்.

இருட்டாக இருந்தால் இன்னும் விடியவில்லை என்று சேவல் பேசாமல் கிடக்குமாம். யாருடைய யோசனை என்பதைப் பிறகு சொல்கிறேன். உள்ளேயிருந்து இடைக்கிடை ஒரு முனகல் மட்டும் கேட்டது.

சாதாரணமாக ஞாயிறு என்றால் அந்த மலை அமர்க்களப்படும். தோட்டத்தில் வேலை இல்லாத நாள். விடிவதற்குள் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். அதை மிஞ்ச வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ரேடியோவைத் திருகுவார்கள். பையன்கள் பாதையில் கிரிக்கெட் விளையாடுவார்கள், அவர்களை ஏச நாலு பேர் எழும்புவார்கள். அன்று எல்லாவற்றுக்கும் லீவு. கல்லில்கூட யாரும் துணியை அடிக்கவில்லை, கசக்கித்தான் பிழிந்தார்கள்.

இத்தனையும் ஒரு பெண்ணுக்காக. பழைய பிள்ளைக் காம்பிராவுக்குள் நிரோஷா தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். கண்டியில் ஒரு நிறுவனம் நடத்தும் மென்பொருள் படிப்பு. தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். அதற்கான தெரிவுப் பரீட்சை. கெமராவும் மைக்கும் கடைசி வரை திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு முகம் தெரிந்தாலோ இன்னொரு குரல் கேட்டாலோ பரீட்சை ரத்து. மறு வாய்ப்புக் கிடையாது.

கிடைக்காவிட்டால் கல்யாணம். அதை அவளுடைய அப்பாவே சொல்லி முடித்திருந்தார்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணப் படங்கள் மழையில் நனைந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "கல்யாணத்தை விடுங்கள், உங்கள் கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். எழுதுகிறேன். இதிலும் ஒரு கல்யாணம் குறுக்கே வருகிறது, அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டில் கொக்கியில் ரவுட்டர்

பிள்ளைக் காம்பிரா என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். அந்தத் தோட்டத்துக்குப் புதிய கட்டடம் வந்ததும் பழையது சும்மா கிடந்தது. அதைத்தான் எங்கள் வகுப்புக்குத் தந்தார்கள்.

நான் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் மஹியங்கனை பஸ்ஸில் ஏறி, திகன, தெல்தெனிய தாண்டி, ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, அப்புறம் ஏறு ஏறென்று ஏறினால் அந்தத் தோட்டம். முதல் மாதம் முழுக்க என் முழங்கால் என்னோடு கோபம்.

காம்பிரா சுவரில் முயல், யானை, மாம்பழம் எல்லாம் வரைந்திருந்தார்கள். கூரை மரத்தில் தொட்டில் கட்டும் கொக்கிகள் அப்படியே இருந்தன. கதிரைகள் எல்லாம் நாலு வயதுப் பிள்ளைக்கு அளவானவை. வளர்ந்த பெண்கள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். அப்படித்தான் உட்கார்ந்து படித்தார்கள்.

கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்தவர் பாரிஸ் நானா. முஸ்லிம் அண்ணன்களை நாங்கள் நானா என்போம். திகனயில் சின்னதாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒபீஸ்களில் கழித்துப் போட்ட மெஷின்களைச் சேர்த்து, ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் பூட்டி, எப்படியாவது ஓட வைத்துவிடுவார். தன் வேனிலேயே ஏற்றி வந்தார். வேன் ஏற முடியாத இடத்திலிருந்து கொழுந்துப் பெண்கள் சாக்கில் கட்டி, தலையில் கயிறு போட்டு, முதுகில் தூக்கி வந்தார்கள். நானா பின்னாலேயே "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

சிக்னல்தான் பெரும் பாடு. ரவுட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நானா அறை முழுக்க நடந்தார். வாசலில் இல்லை, மூலையில் இல்லை. கடைசியில் ஜன்னலோரத் தொட்டில் கொக்கிக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார்.

"டீச்சர், இந்த எடத்துல தான் நல்லா ஈக்குது. வேற எங்கேயும் ஏலாது."

கொக்கியில் ஒரு பழைய சேலையைக் கட்டி, அதற்குள் ரவுட்டரைக் கிடத்தினார். பார்க்கிறவர்களுக்கு யாரோ பிள்ளையைத் தூங்கப் போட்டிருப்பதாகத் தோன்றும். "ஆட்டிப்போடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத்தான் மலை இறங்கினார்.

கம்பளையில் ஓர் அட்டைக் கீபோர்ட்

நான் கம்ப்யூட்டரை முதன்முதலில் தொட்டது கம்பளையில். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில், ஒரு ட்யூஷன் வகுப்பு. ஒரேயொரு கம்ப்யூட்டர். அதற்கு வெல்வெட் உறை. செருப்பைக் கழற்றி, கை கழுவி, ஈரம் துடைத்து, அதற்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். மாப்பிள்ளைக்குக்கூட எங்கள் ஊரில் அவ்வளவு மரியாதை கிடையாது.

நாங்கள் ஒரு கூட்டம். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான் மெஷின். மற்ற நேரமெல்லாம் அட்டையில் எழுத்துகளை வரைந்து, அதன்மேல் விரலை ஓட்டிப் பழகினோம். "அட்டையில தட்டுற எழுத்து எங்க சேர் போகுது?" என்று ஒருநாள் கேட்டேன். "மண்டைக்குள்ள போகுது" என்றார் படிப்பித்த சேர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது.

மண்டைக்குள் போனது இருக்கட்டும். திரையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. என் முறை வருகிற நேரம் பார்த்து ஸ்டேஷனுக்குக் கோச்சி வரும், கட்டடம் குலுங்கும், கரண்ட் போகும். அழுதுகொண்டே படி இறங்கிய நாட்கள் உண்டு.

அந்தக் கோபம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதுதான் என்னை மலையேற்றுகிறது என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளை கம்ப்யூட்டரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. எங்கள் காம்பிராவுக்குள் யாரும் செருப்போடு வரலாம். வெற்றிலை மட்டும் போடக் கூடாது.

பீலிக்கரை வரிசை

நிரோஷா வந்த முதல் நாளே என்னோடு வாதம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இதப் படிச்சு என்னா டீச்சர் செய்யிறது? டைப் அடிக்கவா?"

"நீ சொல்றத இது செய்யணும். அதுக்குத்தான்."

"எங்க வீட்டுல யாரும் நான் சொல்றதக் கேக்குறதில்ல. இதாவது கேக்குமா?"

"கேக்கும். ஆனா நீ பிழையாச் சொன்னா பிழையாவே செய்யும்."

அது அவளுக்குப் பிடித்துப்போனது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தோட்டத்தில் காலையில் பிரட்டு நடக்கும். கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வேலை பிரிப்பார். ஆட்கள் தீரும் வரை அதையே திருப்பித் திருப்பிச் செய்வார். புரோகிராமில் லூப் என்பதும் அதுதான் என்று நான் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நிரோஷா சிரிக்கவில்லை. "கங்காணிக்குக் கோவம் வந்து பாதியில போயிட்டா?" என்று கேட்டாள். நான் அடுத்த வாரம் எடுக்கவிருந்த பாடம் அது.

அவள் சொந்தமாக எழுதிய முதல் புரோகிராம் பீலிக்காக. மலையூற்றிலிருந்து குழாய் வழியே வந்து விழும் தண்ணீரை லயத்துப் பெண்கள் பிடிக்கிற இடம் பீலி. காலையில் அங்கே நடக்கும் சண்டை பிரசித்தம். எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று முறை சொல்கிற புரோகிராம் ஒன்றை எழுதி, தினமும் வாட்ஸ்அப்பில் போட்டாள். முதல் நாள் சண்டை குறையவில்லை, குடங்களோடு போன்களும் வந்து சேர்ந்தன. கொஞ்ச நாளில் பழகிப்போனது.

அப்புறம் ஒருநாள் அந்த லயத்தில் ஒரு சாவு விழுந்தது.

பிலோமினா அத்தையின் குரல்

தோட்டத்தின் பிரிவுகளை எங்கள் பக்கம் 'கணக்கு' என்பார்கள். எங்கள் வகுப்பு மேல் கணக்கில். தேயிலைக்குள்ளால் இறங்கினால் கீழ்க் கணக்கு. நிரோஷாவின் அப்பா அந்தோணிக்கு ஓர் அக்கா, பிலோமினா, கீழ்க் கணக்கில் இருக்கிறார். அவரை நானும் அத்தை என்றே கூப்பிடப் பழகிவிட்டேன்.

இரண்டு கணக்கிலும் எங்கே சாவு என்றாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் பிலோமினா அத்தையுடையது. வேதக்காரர் வீடு, சைவக்காரர் வீடு என்று அவர் பார்ப்பதில்லை. மைக் இல்லாமலே எதிர் மலைக்குக் கேட்கும்.

அந்தச் சாவு வீட்டில் அழுது தொண்டை வறண்டு தண்ணீர் கேட்டவருக்கு, "இன்னும் எங்க முறை வரல, போன்ல அப்படித்தான் இருக்கு" என்று பதில் கிடைத்திருக்கிறது. நேரே காம்பிராவுக்கு வந்துவிட்டார்.

"எழவு வூட்டுக்கு ஏதுடி வரிசை? அது மொதல்ல! இதுகூடத் தெரியாதா ஒன் பொட்டிக்கு?"

அத்தை போனதும் நிரோஷா உட்கார்ந்து திருத்தினாள். சாவு வீடு, பிள்ளை பெற்ற வீடு, இரண்டும் வரிசையில் எங்கே நின்றாலும் முன்னுக்கு வந்துவிடும்.

ஏசிவிட்டுப் போன அத்தைக்கு அன்றுதான் மருமகள் வளர்ந்துவிட்டது கண்ணில் பட்டிருக்க வேண்டும். தன் புருஷன் வழியில் ஒரு பையன், கம்பளையில் கடையில் நிற்கிறான், தங்கமான பிள்ளை என்று பேச்செடுத்தார். நிரோஷா முடியாது, படிக்கப் போகிறேன் என்றாள். அத்தைக்குக் கோபம் பையனை வேண்டாம் என்றதில் இல்லை, கம்ப்யூட்டரில்தான். "அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு அழட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனவர் அதன் பிறகு தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நத்தார்ப் பண்டிகை போனது, உயிர்த்த ஞாயிறும் போனது. அவர் வரவில்லை.

அந்தோணி அண்ணனுக்கு இழுப்பு வியாதி. பனி இறங்கினால் நெஞ்சு விசிலடிக்கும். சிறு வயதில் அவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான். மகளையும் விட முடியாமல் அக்காவையும் விட முடியாமல் ஒருநாள் என்னிடம் வந்து நின்றார்.

"இந்தப் பரீட்சை ஒன்ன எழுதட்டும் டீச்சர். கெடைச்சா போகட்டும். கெடைக்கலேன்னா அக்கா சொல்றதுதான். எனக்கும் ஒடம்பு முடியல. புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது?"

நன்றாக ஏச வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் மூச்சு விடுகிற பாட்டைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

நிரோஷா அன்று என்னோடு பஸ் நிற்கிற இடம் வரை இறங்கி வந்தாள். பஸ் வந்த பிறகுதான், "ஒரு தடவை போதும் டீச்சர். அந்த ஒரு தடவை நெட் அறுந்துறாம இருந்தாப் போதும்" என்றாள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து தெல்தெனிய வரும்வரை மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

பிரட்டுக் களத்தில் கூட்டம்

பரீட்சைக்கு முந்திய வாரம் பிரட்டுக் களத்தில் எல்லோரையும் கூட்டினோம். பாரிஸ் நானா பேசினார்.

"இந்தப் பக்கம் முழுக்க ஒரே டவர் தான். ஞாயித்துக்கெழம எல்லாரும் போன்ல படம் பார்க்குற. அப்ப நெட் இழுபட்டுப் போகும். புள்ள பரீட்ச எழுதுற அந்த நேரம் மட்டும் டேட்டாவ ஓஃப் பண்ணி வெச்சாப் போதும்."

டேட்டாவை மட்டும் என்றுதான் நானா சொன்னார். கூட்டம் அதைத் தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொண்டது. போனையே நிறுத்துவது என்று முடிவாயிற்று. அப்புறம் டீவி. அப்புறம் ரேடியோ. "பிரிட்ஜையும் நிப்பாட்டணுங்களா?" என்று ஓர் அம்மா கேட்டார். தேவையே இல்லை என்றேன். நிப்பாட்டிவிட்டார்.

மைக் திறந்திருக்கும், சத்தம் கூடாது என்றேன். கோயில் தலைவர் எழுந்து, "எங்க ஸ்பீக்கர் அன்னைக்கு வாயத் தொறக்காது" என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். நாய்களை ஓடைப் பக்கம் கூட்டிப் போகச் சிலர் முன்வந்தார்கள். நிரோஷாவின் அம்மா லூர்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "சரி, சேவல என்னா பண்றது?" என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். கூடை யோசனை அவருடையதுதான்.

அந்தோணி அண்ணன் தன் இருமலுக்குத் தானே இடம் பார்த்துக்கொண்டார். லயத்துக்குக் கீழே பாதை வளைகிற இடத்தில் ஒரு கல் உண்டு. "நான் அங்க போயிக் குந்திக்கிறேன். இருமுனாலும் மேல கேக்காது" என்றார்.

கீழ்க் கணக்குக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு வேறு டவர்.

வெள்ளைச் சேலைகள்

பரீட்சை தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே பாரிஸ் நானா கார் பெட்டரி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். கரண்ட் போனாலும் ரவுட்டர் நிற்காது. ஒரு கையில் தஸ்பீஹ் மணிமாலை உருண்டுகொண்டிருந்தது. "அல்லாஹ்ட காவல் டீச்சர்" என்று உதட்டை மட்டும் அசைத்தார். லூர்து வாசலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கொத்தமல்லித் தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தோணி அண்ணனிடம் இறங்கிப் போனேன். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். போத்தலை வாங்கி ஒரு வாய் குடித்தவர் அப்படியே எழுந்து கீழே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

தேயிலைக்கு நடுவே வெள்ளையாக ஒரு வரிசை ஏறி வந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாம் வெள்ளைச் சேலை. பின்னால் ஆண்கள், ஒருவர் கையில் மலர்வளையம். முன்னால் தலைவிரி கோலமாகப் பிலோமினா அத்தை.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. தோட்டத்தில் சாவு விழுந்தால் ஸ்பீக்கர் நிற்கும், ரேடியோ நிற்கும், பையன்கள் விளையாட மாட்டார்கள். ஞாயிறு விடிந்து கீழ்க் கணக்கிலிருந்து மேலே பார்த்தால் மலை மூச்சுக் காட்டாமல் கிடக்கிறது. கூப்பிட்டுப் பார்த்தால் ஒருவர் போன்கூட வேலை செய்யவில்லை. அந்தோணியை இழுப்புக்காகத் தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது சில நாட்களுக்கு முன்புதான். வேறு என்ன நினைப்பார்கள்?

சாவு வீடு கண்ணில் படும் இடம் வந்ததும்தான் ஒப்பாரியை எடுப்பது அங்கே வழக்கம். லயம் கண்ணில் படும் இடம் இந்த வளைவு.

அத்தை வளைவுக்கு வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. மேலே தம்பி வீட்டுக் கூரையைப் பார்த்தார். இரண்டு கையும் தலைக்குப் போனது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

அந்தோணி அண்ணன் பாய்ந்து போய் அக்காவின் வாயைப் பொத்தினார்.

செத்துப்போன தம்பி வந்து வாயைப் பொத்தினால் யாருக்குத்தான் எப்படி இருக்கும்? அத்தை அவர் கையைக் கடித்துவிட்டார். அவர் எடுக்கவில்லை. "சத்தம் போடாதக்கா" என்றார், காற்றாக. "புள்ள பரீட்ச எழுதுறா."

பின்னால் வந்த பெண்கள் மூச்சை இழுத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். அத்தை திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னுக்கு நீட்டி விரித்தார். அவ்வளவுதான். அந்தக் கைக்கு அடங்காத ஒப்பாரி அந்தத் தோட்டத்தில் கிடையாது. எல்லோரும் நின்ற இடத்திலேயே பாதையோரம் உட்கார்ந்தார்கள்.

அத்தை தம்பியின் முகத்தைத் தடவினார். நெற்றியைத் தொட்டார். அதிலும் நம்பிக்கை வரவில்லை போலும், நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். உள்ளே விசிலடித்தது. அந்த விசிலைக் கேட்டபிறகுதான் அவருக்குக் கண்ணீர் வந்தது.

"என்னா பரீட்ச?" என்று கிசுகிசுத்தார்.

"கம்ப்யூட்டர்."

அத்தை மேலே காம்பிராவைப் பார்த்தார். அந்த ஜன்னல் அங்கிருந்தே தெரியும். ஒரு குரல் போதும். அவர் சாதாரணமாகக் கூப்பிடுகிற குரலே போதும், பரீட்சை ரத்தாகிவிடும், அவர் ஆசைப்பட்ட கல்யாணம் நடந்துவிடும். அது அவர் மனதில் வந்ததா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மனதில் வந்தது, அதனால் சொல்கிறேன்.

அத்தை சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். உடம்பு மட்டும் குலுங்கியது. அந்த நேரம் பார்த்து அந்தோணி அண்ணனுக்கு இருமல் கிளம்பியது. அத்தை அவர் தலையை இழுத்துத் தன் மடியில் அமுக்கி, சேலையால் மூடி, முதுகைத் தடவினார். இருமல் முழுக்க அந்த மடிக்குள்ளேயே போனது. பக்கத்தில் நின்ற எனக்கே லேசாகத்தான் கேட்டது.

நானும் அழுதேன். செருப்பு ஒரு கையில், போத்தல் மறு கையில், கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

சாவு வீட்டுச் சீனி

காம்பிராக் கதவு திறந்தபோது நிரோஷா பார்த்தது இதைத்தான்: பாதை நெடுக வெள்ளை உடுத்தவர்கள், ஒருவரும் பேசவில்லை, நடுவில் ஒரு மலர்வளையம். வளைவு வரை ஓடி வந்தவளின் முகத்தில் இரத்தமே இல்லை.

"யாரு... யாரு செத்துட்டாங்க?"

"நான்தான்" என்று அந்தோணி அண்ணன் எழுந்து நின்றார்.

அதற்குப் பிறகு வந்த சிரிப்பை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. காலையிலிருந்து அடக்கி வைத்த சத்தம் எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது. நிரோஷா மட்டும் அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று நின்றாள். லூர்து ஓடி வந்து நாத்தனாரின் கையைப் பிடித்தார். "ஒருத்தராவது ஒரு போனத் தொறந்து வெக்கக் கூடாதா? பாதி வழியில நானே செத்திருப்பேன்" என்று அத்தை எல்லோரையும் சேர்த்து ஏசினார். யாரோ போய்க் கூடைகளைத் தூக்கிவிட, நடுப்பகலில் அத்தனை சேவலும் கூவின.

கீழ்க் கணக்குக்காரர்கள் சாவு வீட்டுக்கென்று சீனியும் தேயிலையும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்திருந்தார்கள். அப்படிக் கொண்டுபோனதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. என்ன செய்வது? மலர்வளையத்தையும் மெழுகுவர்த்தியையும் பாதையோர மாதாவின் காலடியில் வைத்தார்கள். சீனிக்கும் தேயிலைக்கும் பெரிய அடுப்பு மூட்டினார்கள்.

பாரிஸ் நானா கோப்பையை நீட்டினார். "மௌத்தே இல்லாத மௌத்து வீட்டுத் தேத்தண்ணி. இன்னொரு கோப்ப தாங்க."

அத்தை மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்புறம், "என்னாடி கேட்டாங்க ஒன் பரீட்சையில?" என்றார்.

"நெறைய கேட்டாங்க அத்தே. கடைசிக் கேள்வி, ஆஸ்பத்திரியில நோயாளிங்க வரிசையில நிக்கிறாங்க, ரொம்ப முடியாதவங்க வந்தா மொதல்ல எடுக்கணும், அதுக்குப் புரோகிராம் எழுதச் சொன்னாங்க."

"எழுதுனியா?"

"எழவு வூட்டுக்கு ஏது வரிசைன்னு நீங்க ஏசுனீங்களே. அதத்தான் எழுதுனேன்."

அத்தை அவள் கோப்பையை வாங்கி, பாதி குடித்திருந்ததிலேயே மறுபடியும் ஊற்றினார். "சீனி போதுமா?" என்று கேட்டார்.

கண்டியில் ஒரு வாசல்

சில வாரங்கள் கழித்துச் செய்தி வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

அவளைக் கண்டிக்குக் கொண்டுவந்து விடுகிற நாளில் அந்தோணி அண்ணனால் பஸ் ஏற முடியவில்லை. லூர்து அவரோடு நின்றுவிட்டார். அப்பா இடத்தில் பிலோமினா அத்தை வந்தார். பேக்கைக் கையில் பிடிக்கச் சொன்னால் கேட்கவில்லை. தலையில் கயிறு போட்டு, கொழுந்து தூக்குகிற மாதிரியே முதுகில் தூக்கிக்கொண்டு, குளத்து ரோடு நெடுக நடந்தார். போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நிரோஷாவுக்கு வெட்கம், ஆனால் அத்தையின் கையை விடவில்லை.

விடுதி வாசலில் பேக்கை இறக்கி வைத்தார். நிரோஷா உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு மறுபடியும் வாசலுக்கு வந்தாள். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், இங்க சத்தம் போடலாமுங்களா?"

"போடுங்க அத்தை" என்றேன். "இங்க ஒரு பரீட்சையும் நடக்கல்ல."

அவர் மூச்சை இழுத்தார். நான் வாசல் காவலாளியைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையசைத்து வைத்துக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. வாய் திறந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. எதிர் மலைக்குக் கேட்கிற அந்தக் குரல் அன்று பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. நிரோஷாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார்.

"போயிட்டு வா புள்ள."